கோதாரியும் லூசும்: யாழ்ப்பாணத்து வசைகளுக்கு என்ன நடந்தது?

வாசகர் ஒருவர் எழுதியது, ஜனவரி 6

கொக்குவில் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ரியூட்டரி வகுப்புக்குப் போகும் பெடியள் நாலைந்து பேர். ஐந்து நிமிடத்துக்குள் பத்துத் தரம் லூசு, நாலு தரம் மொக்கை, மற்றவை எழுத முடியாதவை. எங்கள் காலத்தில் இப்படியா இருந்தது? ஒருவரை ஏசுவதற்குக்கூட இந்தியாவில் இருந்து இறக்குமதி செய்கிறோம். எங்கள் ஊர்ப் பேச்சு எங்கே போனது?

ஜனவரி 6, இரவு

எங்கள் காலமா? எனக்கு 52 வயது. என் அம்மம்மா விடியக் கோழிக்கூட்டைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவார். கோழிக்கு ஒன்று, வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்த ஆட்டுக்கு ஒன்று, பல்லு மினுக்காமல் நிற்கும் பேரனுக்கு ஒன்று. கோதாரி விழுவான், கொள்ளையில போவான், நாசமறுப்பான், கட்டையில போவான். தேத்தண்ணி கைக்கு வருவதற்கு முன்பே நான் நாலு தரம் செத்திருப்பேன். பிறகு அதே வாயால் "வா ராசா, பாணும் சம்பலும் இருக்கு" என்பார்.

நான் ரியூட்டரி ஒன்றுக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் ஐந்து நிமிடம் கேட்டதை நான் நாள் முழுக்கக் கேட்கிறேன். ஏச்சு கூடவில்லை. ஏசுகிறவர்களின் வயதுதான் மாறியிருக்கிறது. அந்த நாளில் கிழவிகள் ஏசினார்கள், பெடியள் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஜனவரி 9

கோதாரியைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதலாம்.

இன்றைக்கு இந்தச் சொல்லில் விஷமே இல்லை. மின்சாரம் போனால் "என்ன கோதாரியடா இது". போன் வேலை செய்யாவிட்டால் "இந்தக் கோதாரியை எறி". ஆனால் கோதாரி என்றால் பழைய நாளில் கொள்ளைநோய். வாந்திபேதி. 19ஆம் நூற்றாண்டில் அது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. 1848 இல் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கி, பிறகு தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் காலமும் அதுதான். அம்மம்மாவின் தாய் சிறுமியாக இருந்தபோது கேட்ட கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. காலையில் ஒரு பிணத்துக்குப் பாடை கட்டப் போனவர், பின்னேரம் அடுத்த பாடையில் கிடந்தாராம். உண்மையோ, கூட்டிச் சொன்னதோ, அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் "கோதாரி விழுவான்" என்பது சும்மா ஒரு வார்த்தையாக இருந்திருக்காது.

"கொள்ளையில போவான்" என்பதும் இதே நோய்தான். கொள்ளைக்காரன் அல்ல, கொள்ளைநோய். நான் இருபது வயது வரை திருட்டுக் கொள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். கொள்ளையடிக்கப் போய்ச் சாகட்டும் என்று ஏசுகிறார்களாக்கும்!

நோய் போனது, சொல் மிஞ்சியது. பயம் இறங்கினதால் அது பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொல்லாக மாறிவிட்டது. அவ்வளவுதான் என் கட்சி. பயம் செத்தால் வசை செல்லமாகும்.

ஜனவரி 10

நேற்று எழுதியதற்கு இன்றைக்கே ஒரு திருத்தம். பயம் திரும்பவும் உயிர்க்கலாம்.

2020, ஊரடங்கு நேரம். அடுப்படியில் பூனை ஒன்று மீன் சட்டியை உருட்டிவிட்டது. அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு "கொள்ளையில..." என்று தொடங்கினார். பாதியில் வாயை மூடினார். "சீ, இப்ப சொல்லக்கூடாது." பூனைக்குக்கூடச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேட்கவேயில்லை. இப்போது திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் தயங்கித் தயங்கி.

ஜனவரி 14

பொங்கல். ஏச்சில்லாத நாள் என்று அம்மா சொன்னார். பத்து மணி வரை தாங்கியது.

நாசமறுப்பான் பற்றி: அம்மம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், இப்படிச் சபிக்கிறீர்களே, பலித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சிரித்தார். "நாசம் அறுப்பான் எண்டுதானே சொல்லுறன். உன்ர நாசமெல்லாம் அறுந்து போகட்டும் எண்டு. பெத்த பிள்ளையைத் திட்டேக்க ஒரு வாசல் திறந்து விடவேணும்." அதாவது வசை போன்ற வாழ்த்து. எனக்கு அந்த விளக்கம் மிகப் பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஜனவரி 17

ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து என்னைக் குட்டிவிட்டுப் போனார். "நாசமாய் அறுவான்" என்பது சுருங்கித்தான் இப்படி வந்திருக்கும் என்கிறார். அறுதல் என்றால் வம்சம் அற்றுப்போதல். "அறுந்து போவான்", "அறுவான்" எல்லாம் தனியாகவே ஏச்சாக இருக்கின்றனவே, அவை மட்டும் வாழ்த்தா என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். அறுதலி என்ற சொல்லையும் நினைவுபடுத்தினார். தாலி அறுந்தவள். கணவன் செத்ததே ஒரு பெண்ணுக்கு வசையாகிவிட்ட சொல் அது. அம்மம்மா 38 வயதில் கணவனை இழந்தவர். ஊர்க் கிணற்றடிச் சண்டையில் அந்தச் சொல் அவர் மேல் விழுந்ததை அம்மா பார்த்திருக்கிறார். அத்தனை ஏச்சு தெரிந்த கிழவி, அதை மட்டும் யாருக்கும் திருப்பிச் சொன்னதில்லை.

அம்மாவிடம் ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன். "ஏசேக்க இலக்கணம் பாக்கிறதே?" என்றார்.

ஜனவரி 18

"நாற்றம் என்றால் முன்பு நறுமணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பில் இருந்து கேட்கிறேன் ஐயா. விட்டுவிடுங்கள்.

ஜனவரி 25

எளிய. இந்த ஒரு சொல்லுக்காகவே தமிழ்நாட்டுக்கும் எங்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம்.

ரீவியில் ஒரு தலைவருக்கு அஞ்சலி. "அவர் மிக எளிய மனிதர்" என்றார் பேச்சாளர். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பாச்சி நிமிர்ந்து பார்த்தார். "செத்த வீட்டில போய் நிண்டு இப்பிடிச் சொல்லுறானே!" எங்கள் பேச்சில் எளியவன் என்றால் இழிந்தவன், கீழ்த்தரமானவன். "எளிய நாய்" என்பது நல்ல கனமான ஏச்சு. அந்தப் பேச்சாளர் மேல் அப்பாச்சிக்குக் கடைசி வரை மரியாதை வரவில்லை.

எதிர்ப்பக்கமாக நானும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். 1991 இல் சில மாதம் சென்னையில் இருந்தோம். வீட்டுக்காரம்மாவிடம் நல்ல பிள்ளையாக விசாரித்தேன்: "உங்கட பெட்டை எங்க படிக்கிறா?" எங்களுக்குப் பெட்டை என்றால் பெண்பிள்ளை, பெடியன் என்றால் ஆண்பிள்ளை, அதில் ஒரு குறையும் இல்லை. அங்கே பெட்டை என்றால் கோழி, நாய். இரண்டு நாள் தண்ணீர் மோட்டார் போடவில்லை அந்த அம்மா. மூன்றாம் நாள் அக்கா போய் விளக்கம் சொல்லித்தான் குளித்தோம்.

ஜனவரி 26

சொறி. மன்னிப்புக் கேட்கும் ஆங்கிலச் சொல்லை நாங்கள் இப்படித்தான் எழுதுவோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு "பிந்திவிட்டது, சொறி" என்று செய்தி அனுப்பினேன். "எங்கே சொறியணும்?" என்று பதில் வந்தது. வம்புச் சேட்டைக்கு நாங்கள் சொல்லும் சொறிச்சேட்டை என்ற சொல்லை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 3

கேள்வி கேட்டவருக்கு ஒரு நல்ல செய்தி. ஊர்ச்சொல் எல்லாம் சாகவில்லை. இன்று கடையில் உயர்தரப் பெடியன் ஒருவன் கடந்த வருட வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொப்பி எடுத்துக்கொண்டே, கூட்டாளியைக் காட்டி "இவன் பேய்க்காய் அண்ணை, மூண்டு ஏ எடுப்பான்" என்றான். பேயன் என்றால் முட்டாள். பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. ஆனால் பேய்க்காய் என்றால் கெட்டிக்காரன், விட்டால் ஊரை விற்றுவிடுவான். மண்டைக்காய் படிப்பில் மட்டும் கெட்டி. பேய்க்காய் எல்லாவற்றிலும். இந்த வித்தியாசம் அந்தப் பெடியனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பெப்ரவரி 4

பன்னாடையை மறந்துவிட்டேன். பனை நாட்டில் இருந்துகொண்டு மறக்கலாமா?

இன்றைய பிள்ளைகளுக்கு இது வெறும் ஏச்சு. பொருளைக் காட்டினால் தெரியாது. கடைக்குப் பின்னால் வளவில் ஒரு பனை நிற்கிறது. விழுந்த மட்டையோடு ஒரு பன்னாடை வந்தது. எடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மட்டையின் அடியைச் சுற்றி, யாரோ பழுப்பு நூலால் அவசரமாக நெய்துவிட்டது போல, குறுக்கும் நெடுக்குமாக நார். வெளிச்சத்துக்குப் பிடித்தால் வலை. கள்ளு வடிப்பது இதில்தான். கள்ளு கீழே இறங்கிவிடும், செத்த தேனீயும் எறும்பும் சிராயும் மேலே தங்கும். நல்லதை விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துக்கொள்கிறவன் பன்னாடை. நன்னூலில் கடை மாணாக்கருக்குச் சொன்ன நான்கு உவமைகளில் கடைசியான நெய்யரி என்பதற்கும் பன்னாடை என்றுதான் உரை சொல்வார்கள்.

பெடியள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒருவன் "அண்ணை, இது ஏச்சே? இது வடிதானே, வேலை செய்யிற சாமான்" என்றான். சரிதான். தேத்தண்ணி வடியைக் காட்டி யாரும் யாரையும் ஏசுவதில்லை. இத்தனை காலம் பன்னாடைக்கு நாங்கள் அநியாயம் செய்திருக்கிறோம்.

பெப்ரவரி 5

பனையை எடுத்ததால் இதுவும். எங்களைப் பார்த்து மற்ற ஊர்த் தமிழர் சொல்வது பனங்கொட்டை சூப்பி. மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் சாப்பாட்டுக் கடையில் வாரம் ஒருமுறையாவது எனக்குக் கிடைக்கும். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்: ஆவணி மாதம் சுட்ட பனம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்து, நாரில் களி போகும் வரை சூப்பி, முகமெல்லாம் மஞ்சளாக, பல்லுக்குள் தும்போடு நின்றவன் நான்தானே. பொய்யா சொல்கிறார்கள்?

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் தங்கள் உதைபந்தாட்ட வட்ஸ்அப் குழுவுக்கு வைத்திருக்கும் பெயர் பனங்கொட்டைஸ். அந்தப் பிள்ளை பனம்பழத்தைக் கண்ணால் கண்டதில்லை.

பெப்ரவரி 11

சொல்லே இல்லாமலும் ஏசலாம். எங்களிடம் அ, இ சுட்டுகளோடு உகரச் சுட்டும் பேச்சில் இருக்கிறது. உவன், உது, உவை, உங்கை. தமிழ்நாட்டில் பேச்சில் இருந்து போய்விட்டது. சாதாரணமாக அது கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டும். ஆனால் ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து பேசும்போது பின்வரிசையில் இருந்து "ஆர் உவன்?" என்று வந்தால், அதற்கு மேல் ஏச்சு தேவையில்லை.

நீர் என்பதும் அப்படி. நீக்கும் நீங்களுக்கும் நடுவில் நிற்கும் சொல். அப்பா அம்மாவை "நீர் சாப்பிட்டீரோ?" என்றுதான் கேட்பார். எவ்வளவு இதமாக இருக்கும். அதே நீரை ஒருமுறை கந்தோர் ஒன்றில் என்னைவிட இருபது வயது குறைந்தவர் எனக்குப் போட்டார்: "உம்மட கடிதம் வரேல்லை, போயிட்டு வாரும்." அன்றைக்கு லூசு என்றிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

பெப்ரவரி 20

லூசு பற்றித்தான் முதல் கேள்வி. அதை இன்னும் தொடவில்லை என்று அவர் நினைவூட்டுகிறார்.

எங்கள் சொல் விசர். "உனக்கென்ன விசரே?", விசரன், விசர்க்கதை, விசர்நாய். லூசு ஆங்கிலத்தில் இருந்து சென்னை போய், அங்கே படத்திலும் நாடகத்திலும் வளர்ந்து, டிஷ் அன்ரனா வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. 2002 இல் தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு பொருள்களோடு சொற்களும் லொறி லொறியாக வந்தன. மகள் என்னைப் பார்த்து "போங்கோப்பா, லூசு" என்கிறாள். ஏசுவது சென்னை, மரியாதை யாழ்ப்பாணம். அந்தப் "போங்கோ"வுக்காக மன்னித்துவிட்டேன்.

முதலில் எனக்கும் உங்களைப் போல எரிச்சல் இருந்தது. விசர் என்ற அருமையான சொல் இருக்க லூசு எதற்கு என்று. இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறார். 2009 க்குப் பிறகு முகாமில் இருந்து மகனைக் கூட்டி வந்தார். அவனுக்கு மனம் சரியில்லை. இரவில் எழும்பிக் கிணற்றடியில் குழி தோண்டுவான், பங்கர் வெட்டுகிறானாம். அந்த வீட்டுப் படலை வரை எங்கள் ஒழுங்கையில் யாரும் விசர் என்ற சொல்லைச் சொல்வதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல. பெடியள் அங்கே லூசு என்கிறார்கள். அவர்களுக்கு அது நோயின் பெயர் அல்ல, விளையாட்டு. ஒருவேளை அதனால்தான் இறக்குமதி தேவைப்பட்டதோ என்னவோ.

மார்ச் 2

தங்கை ஸ்காபரோவில் இருந்து இதையெல்லாம் வாசித்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்தாள். "எல்லாரும் எங்களை ஏசினதை எழுதுறியள். நாங்கள் ஏசினதை எழுதுங்கோ." சரி.

கள்ளத்தோணி. தோணியில் கள்ளமாக வந்தவன். இந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் இந்தத் தீவில் அப்படித்தான் அழைத்தார்கள். சிங்களத்திலும் இதே தமிழ்ச்சொல்லே ஏச்சாகப் போய்ச் சேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். ஆடுமாடு பிரித்த மாதிரி.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சொல் வடக்கத்தையான். நாங்களே இலங்கையின் வடக்கு. எங்களுக்கும் வடக்கே இருந்து வந்தவன் என்பதால் அந்தப் பெயர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பீகாரில் இருந்து கூலி வேலைக்கு வருகிறவரை வடக்கன் என்கிறார்கள். கேட்கும்போது காது சுடுகிறது.

எங்கள் வீட்டில் மலையகத்தில் இருந்து கொண்டுவந்த பெடியன் ஒருவன் வேலைக்கு நின்றான். அவனுக்குப் பன்னிரண்டு, எனக்கு ஒன்பது. தண்ணீர் அள்ளுவான், மாட்டுக்குக் குழை வெட்டுவான், பின்னேரம் என்னோடு மாபிள் அடிப்பான். ஒருநாள் என்னுடைய பச்சை மாபிளை வென்றுவிட்டான். நான் கத்தினேன்: "போடா கள்ளத்தோணி." எங்கே கற்றேன் என்று தெரியாது, காற்றில் இருந்த சொல். அவன் மாபிளைத் திண்ணையில் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனான். கோழிக்கும் ஆட்டுக்கும் நியாயம் கேட்கும் அம்மம்மா அங்கேதான் இருந்தார். எனக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

பிறகு 1983 இனக்கலவரம். எங்கள் ஆட்கள் தோணியில் ஏறினார்கள். இரவில், விளக்கில்லாமல், ராமேஸ்வரம் பக்கம். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தபோது கனடாவின் மீன்பிடிக்காரர் கண்டு காப்பாற்றினார்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 பேரோடு கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தது. அந்தக் கிழமை தங்கை மரக்கறிக் கடை வரிசையில் நின்றிருக்கிறாள். முன்னால் நின்ற தமிழ்ப்பெண் மற்றவரிடம் சொன்னாராம்: "கள்ளத்தோணியில வந்து இறங்குதுகள், எங்களுக்கெல்லோ கெட்ட பேர்." தங்கை கேட்டாளாம்: "அக்கா, நீங்கள் எயார் கனடாவிலயோ வந்தனீங்கள்?"

கடையே அமைதியாகிவிட்டதாம். வெண்டைக்காய் வாங்காமல் வந்துவிட்டாள்.

மார்ச் 3

அந்தப் பெடியனின் பெயர் எனக்கு நினைவில்லை. நேற்று முழுக்க யோசித்தேன். அம்மாவுக்கும் நினைவில்லை. "அந்த வடக்கத்தையான்" என்று தொடங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மார்ச் 4

இதனால் எளிய பற்றி ஜனவரியில் சிரித்து எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் அந்தச் சொல் தனியாக நடப்பது குறைவு, பெரும்பாலும் சாதி என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். ஏழ்மையும் இழிவும் ஒன்று என்று நம்பிய ஊரில்தான் எளியவன் கெட்டவனாகிறான். தமிழ்நாட்டில் அந்தச் சொல் நல்லவன் பக்கம் போனது, எங்களிடம் இந்தப் பக்கம் வந்தது. அப்பாச்சியின் பகிடியை நான் ரசித்தது அதை மறந்துவிட்டுத்தான்.

1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடும்படி நின்ற சனத்தை நோக்கி என்னென்ன சொற்கள் பறந்தன என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவற்றை இங்கே எழுதமாட்டேன். இன்றைக்கு வீதியில் யாரும் அவற்றைக் கத்துவதில்லை. பதிலுக்கு என்ன வந்திருக்கிறது தெரியுமா? "அவை". எங்கள் பேச்சில் அவர்கள் என்பது. போன மாதம் கடையில் கலியாணப் பேச்சு ஒன்று. பெடியன் பொறியியலாளர், நல்ல குணம், சாதகமும் பொருத்தம். "எல்லாம் சரி, ஆனா அவை வேற ஆக்கள்" என்றார் ஒருவர். தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். பழைய சொல் என்றால் எழும்பிச் சண்டை பிடிக்கலாம். அவை என்பதற்கு எதிராக எப்படிச் சண்டை பிடிப்பது?

மார்ச் 12

வடக்கின் பெருஞ்சமர் பார்க்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணம் சென்ரல் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் கிரிக்கெட். பப்பரப்பா, மேளம், வெயில். ஒரு பிடி நழுவியது. பின்னால் இருந்து ஒரு பெடியன், பதினைந்து வயது இருக்கும், கையை வாயில் குவித்துக் கத்தினான்: "டேய் துரோகி!"

எல்லோரும் சிரித்தார்கள். என் வயதுக்காரர் மூன்று பேர் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1975 ஜூலை 27 இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா துரோகி என்று சுடப்பட்டதற்கு முன்னும் பின்னும் அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன எடை இருந்தது, பிறகு மின்கம்பங்களில் கட்டியவர்களின் கழுத்தில் தொங்கிய மட்டைகளில் அது எப்படி எழுதப்பட்டிருந்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா என்று அந்த இடத்தில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த ஓவரில் விக்கெட் விழுந்தது. அதே துரோகிதான் பிடித்தான்.

மார்ச் 19

பயம் செத்தால் வசை செல்லமாகும் என்று ஜனவரியில் எழுதினேன். ஒரு சொல் எனக்குள் இன்னும் சாகவில்லை.

பெரியப்பாவின் பேத்தி கொழும்பில் வேலை செய்கிறாள். போன கிழமை வந்திருந்தாள். மேலதிகாரியைப் பற்றிக் கதை. "அந்தாள் ஒரு தலையாட்டி சித்தப்பா. பெரியவர் என்ன சொன்னாலும் ஓம் சேர், ஓம் சேர்." பிள்ளை சரியான தமிழ்தான் பேசினாள். தலையாட்டி என்றால் எதற்கும் ஓம் போடுகிறவன், தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. எனக்குக் கையில் இருந்த தேத்தண்ணி தளும்பியது.

1988, எனக்குப் பதினாறு. இந்திய ஆமி சுற்றிவளைத்து ஊர் ஆண்களையெல்லாம் கோயில் வீதியில் இருத்தியது. காலை ஆறு மணியில் இருந்து. மத்தியானம் ஒவ்வொருவராக எழுப்பி வரிசையில் விட்டார்கள். ஜீப் ஒன்று நின்றது. உள்ளே ஒருவர், தலையில் இருந்து தோள் வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முன்னால் போய் நிற்கவேண்டும். அவர் தலையை ஆட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். அவருக்குத்தான் ஊர் தலையாட்டி என்று பெயர் வைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஒழுங்கைப் பால்காரர். சாக்கு மேலும் கீழும் அசைந்தது. அவ்வளவுதான். நான் போய் நின்றேன். ஓட்டைக்குள் தெரிந்த கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது, சாக்கில் இருந்த மாத்தூசியோ வேறு எதுவோ. சாக்கு அசையவில்லை.

அன்றிரவு அம்மா செய்த முதல் வேலை, கண்ணாடி அலுமாரியில் இருந்த பொம்மையை எடுத்தது. சிதம்பரம் போய்வந்தபோது தாத்தா வாங்கியது, செட்டியாரம்மா பொம்மை, தொட்டால் தலை ஆடும். துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் ஊரே வெளிக்கிட்டபோது பெட்டி வீட்டோடு நின்றது. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை.

பேத்தியிடம் இதைச் சொல்லவில்லை. "அப்பிடியான மேலதிகாரியோடு கவனமாயிரு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 20

ஒருவர் கேட்கிறார், அந்தச் சாக்குக்குள் இருந்தவர் யார் என்று பிறகு தெரிந்ததா என்று. ஊரில் பல பெயர் சொன்னார்கள். எழுதமாட்டேன். சாக்குக்குள் இருந்தவரையும் யாரோ அடித்துத்தான் இருத்தியிருப்பார்கள் என்று விளங்க எனக்கு இருபது வருடம் எடுத்தது.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் பொறுமை இழந்துவிட்டார். "மூன்று மாதமாக எழுதுகிறீர்கள். இப்போதைய பெடியள் கெட்டுவிட்டார்களா இல்லையா, ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்."

இன்று பின்னேரம் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கொப்பி எடுக்கும் மெஷினில் தாள் இறுகிவிட்டது. நான் கதவைத் திறந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே மழை இருட்டு, வகுப்புக்கு நேரமாகிறது. இரண்டு பெடியள். ஒருவன் "லூசு மெஷின்" என்றான். மற்றவன், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை என்று நினைக்கிறேன், பெருமூச்சு விட்டு "என்ன கோதாரியோ" என்றான். அவ்வளவு சரியான இழுவையோடு. தாளை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். "சொறி அண்ணை" என்றான். நாலு கொப்பிக்குக் காசு வாங்கவில்லை.